இன்னும் ரெண்டு பாட்டு

பூவலிங்கபுரத்தில் அந்த வருஷம் யாரும் பாடாத, யாரும் வெளியிடாத, எந்தப் போனிலும் இல்லாத ஓர் ஆல்பம் ஊருக்கே பிடித்துப்போனது. மார்கழி மூன்றாம் ஞாயிறு, பிள்ளையார் கோயில் முன்னால் பழைய ஸ்பீக்கர் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே விழுந்திருந்த சீட்டுகளைப் பிரித்துப் படித்தபோது, நானூற்றுப் பன்னிரண்டு சீட்டில் முந்நூற்று எண்பத்தொன்பதில் ஒரே பெயர்தான் இருந்தது. நீல மையிலும் கறுப்பு மையிலும், பள்ளிக்கூடப் பென்சிலிலும், ஒன்றிரண்டில் கண் மையிலும்கூட, கோணலாகவும் நேராகவும், எழுத்துப்பிழையோடும் இல்லாமலும் 'இன்னும் ரெண்டு பாட்டு' என்று எழுதியிருந்தது. அதுவரை அதை எல்லோரும் 'அந்தப் புது ஆல்பம்' என்றுதான் சொல்லிவந்தார்கள். பெயர் என்னவென்று ஒருத்தர் ஒருத்தரைக் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. ஆனாலும் சீட்டுகளைப் படித்த பரமார்த்தலிங்கம் மேஸ்திரி ஆச்சரியப்படவில்லை. கூடியிருந்த கூட்டமும் ஆச்சரியப்படவில்லை. அது ஜெயிக்காமல் வேற எது ஜெயிக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தது.

மைக் செட்டுக்காரர் ஆவுடைநாயகம் மட்டும் ஒரு சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏனென்றால் அந்த மூன்று சொல்லும் அவருடைய வாயிலிருந்து வந்தவை. போன வருஷம், ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம் அவர் சொன்னவை. கேட்டவள் அன்றைக்கே செத்துப்போனாள். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

இந்த ஊர் எப்படி ஆல்பம் ஊரானது என்று சொல்லாமல் மேலே போனால் கதை நிற்காது. பூவலிங்கபுரத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது விசைத்தறி ஓட்டுகிறவர். ஆளுக்கு ரெண்டு தறி, பன்னிரண்டு மணி நேரம், கையெல்லாம் எண்ணெய், காதெல்லாம் கடகட. காலையில் காதுக்குள் இயர்போனைச் செருகி, போனை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு ஆல்பத்தைப் போட்டுவிட்டால் அது முடிகிறவரை கேட்டே ஆக வேண்டும். நடுவில் கையைத் துடைத்து, போனை எடுத்து, பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இந்தப் பக்கத் தறியில் நூல் அறுந்து, துணி ஒரு சாண் பாழாகியிருக்கும். அதனால் வெளியூர்க்காரன் ஒரு ஆல்பத்தில் நல்லா இருக்கிற மூணு பாட்டைப் பற்றிப் பேசுவான். பூவலிங்கபுரத்துக்காரன் நல்லா இல்லாத அஞ்சு பாட்டைப் பற்றித்தான் பேசுவான், அதைக் காதில் மாட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லாமல் நின்றவன் அவன். ஒரு ஆல்பம் முழுசாகத் தேறுமா என்று இந்த ஊரைக் கேட்டால் தெரிந்துவிடும். பாவம், யாரும் கேட்பதில்லை.

யாரும் கேட்காவிட்டாலும் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லாமல் விடாது. வருஷம் முழுக்கக் கேட்டதில் பிடித்த ஆல்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தறியெல்லாம் நிறுத்தி, போனையெல்லாம் அணைத்து வைத்து, கையில் எண்ணெய் இல்லாமல், பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, ஜெயித்த ஆல்பங்களை நாலு தெருவிலும் கட்டின ஒலிபெருக்கிக் குழாய்களில் கேட்பார்கள். கடைசியாக முதலிடம் வாங்கினது ஓடும். ஒருமுறை ஒரு நல்ல ஆல்பத்தின் நடுவில் யாரோ வந்து வெள்ளாடு காணவில்லை என்று மைக்கில் சொல்லப்போக, அடிதடியாகி, அதற்கப்புறம் ஒரு பலகை எழுதி மைக் ரூமில் ஆணியடித்தார்கள். 'ஆல்பம் ஓடும்போது மைக் கேட்கக் கூடாது.' எழுதச் சொன்னவர் பரமார்த்தலிங்கம் மேஸ்திரி. எழுதி, ஆணியடித்து, ஊரிலேயே அதிகம் பெருமைப்பட்டவர் ஆவுடைநாயகம்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலே முக்காலுக்கு, 'வெயில் சீட்டு' என்ற ஆல்பத்தின் ஏழாவது பாட்டு முடிகிற நேரம் முப்பிடாதி ஓடிவந்தாள். இருபத்தாறு வயசு, அருணாசலம் முதலாளியின் தறிக்கொட்டகைச் செட்டில் நாலாம் நம்பர் தறி, வருஷா வருஷம் பெட்டியில் முதல் சீட்டுப் போடுகிறவள். சனிக்கிழமை மறந்து வைத்துவிட்டு வந்த தூக்குச்சட்டியை எடுக்க செட்டுக்குப் போயிருக்கிறாள். மூச்சு வாங்க வாசல்படியில் நின்று, "அண்ணாச்சி, நூல் குடோன்ல புகையுது. சுடலைத் தாத்தா உள்ள இருக்காரு. மைக்குல சொல்லுங்க, எல்லாரும் வாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

ஆவுடைநாயகம் என்ன நினைத்தார் என்று அவரே ஒரு வருஷமாகக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டார். குடோனில் புகை என்றால் சுடலை பீடியாக இருக்கும், இல்லாவிட்டால் கழிவுப் பஞ்சை எவனாவது கொளுத்தியிருப்பான். சுடலை உள்ளே என்றால், காவலுக்கு இருக்கிற காது கேளாத கிழவர் எப்போதும் உள்ளேதான். இப்படித்தான் நினைத்தார். ஆனால் இதற்கெல்லாம் மேலே, எட்டாவது பாட்டு அப்போதுதான் தொடங்கியது, அது அவருக்கு உசுரு. உதட்டில் விரலை வைத்தார், பலகையைக் காட்டினார், ரெண்டு விரலை நீட்டி, "இன்னும் ரெண்டு பாட்டு" என்றார். அவள் ஒரு நொடி நின்றாள். அப்புறம் வாசலில் இல்லை. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாட்டைக் கேட்டார்.

ஒன்பது நிமிஷம். நாலு தெருவுக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற வாய் ஊரில் அந்தக் குழாய் ஒன்றுதான், அது பாடிக்கொண்டிருந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்காது. பாட்டு முடிந்து குழாய் ஓய்ந்த பிறகுதான் ஊருக்கு நெருப்பு பொரிகிற சத்தமே கேட்டது. போய்ப் பார்த்தபோது பின்பக்க ஜன்னலுக்கு வெளியே சுடலை இருமிக்கொண்டு கிடந்தார், அவரைப் பிடித்து வெளியே தள்ளினவள் உள்ளே சரிந்த நூல் மூட்டைகளுக்கு அடியில் இருந்தாள்.

போலீஸ் கேட்டது, யாராவது வந்து சொன்னாங்களா என்று. இல்லை என்றார். முப்பிடாதியின் அம்மா செண்பகக்கனி காரியம் முடிந்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "உங்கிட்ட வந்தாளா? கதவத் தட்டுனாளா? எதுனா சொன்னாளா?" முந்நூறு வீடு. மைக் ரூமுக்கும் வந்து, "தம்பி, உங்கிட்ட வந்தாளா?" என்று கேட்டாள். "இல்ல மதினி, எங்கிட்ட வரல" என்றார் ஆவுடைநாயகம். சொல்லும்போது ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றினதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். அன்றைக்கு ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. நல்ல பிள்ளைதான், தைரியசாலிதான், ஆனால் வீம்பு பிடித்தவள், ஒரு வார்த்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாம்ல. டீக்கடையில், தண்ணீர்க் குழாயடியில், அவள் படத்துக்கு மாலை போட்ட கையோடும் அதைச் சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. கடைசியில் பெற்றவளும் அதையே சொல்லத் தொடங்கினாள், மகள் படத்தைப் பார்த்தே, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லட்டி" என்று. அதைக் கேட்ட அன்றைக்கு ஆவுடைநாயகம் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துகொண்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆல்பம் ஆடிக் காற்றோடு வந்தது. கீழத்தெரு செட்டில் ஒருத்திக்குப் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கையில் எண்ணெய், இயர்போனை எடுக்கச் சோம்பல், அது பாட்டுக்குக் காதிலேயே இருந்தது. தறிச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பாட்டு எழும்பியது. முடிந்ததும் அடுத்தது. அவள் அதைப் பற்றி மத்தியானச் சாப்பாட்டில் சொன்ன ஒரே குறை, மூணாவது பாட்டின் தாளம் தன் தறிக்கு அரை அடி முந்துகிறது என்பதுதான். அடுத்த வாரம் நாற்பது பேர் கேட்டார்கள். ஆவணியில் ஊரே கேட்டது. ஓடுகிற தறி பக்கத்தில் இருந்தால் போதும், காதில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. ஏழு பாட்டு, எல்லோருக்கும் ஒரே வரிசை. பாடுவது ஆணா பெண்ணா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஆனால் நாலாவது பாட்டு கொஞ்சம் தொய்வு என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஏழாவது பாட்டுக்கு அப்புறம் சத்தமே கிடையாது. பாட்டும் இல்லை, தறியின் கடகடவும் இல்லை. தறி ஓடும், ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும், துணி இறங்கும், ஆனால் ஒன்றும் கேட்காது. ஒன்பது நிமிஷம். இது எட்டாவது, ஒன்பதாவது பாட்டா, இல்லை ஆல்பம் ஏழோடு முடிந்ததா என்று டீக்கடையில் ரெண்டு கட்சி உண்டானது. அருணாசலம் முதலாளி கட்சி சேரவில்லை, அந்த ஒன்பது நிமிஷத்தில் ஒரு நூல்கூட அறுவதில்லை என்பதைக் கவனித்தவர், அதை இருபது நிமிஷமாக நீட்ட வழி உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டார். சென்னையில் ஒலிப்பதிவு படிக்கிற மேஸ்திரி மருமகன் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து மூன்று நாள் பதிவு செய்தான், கிடைத்ததெல்லாம் வெறும் தறிச் சத்தம். இதெல்லாம் மனப்பிரமை என்று விளக்கிவிட்டுப் பஸ் ஏறினவன், நாலாவது பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

பாட்டு நன்றாக இருந்தது, ஆனால் யாருக்கும் நிம்மதியாக இல்லை. கேட்டு முடித்தவர்கள் அடுப்பை அணைத்தோமா என்று வீட்டுக்கு ஓடினார்கள், அணைத்துத்தான் இருக்கும். ராத்திரி கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட ஊரில் முக்கால்வாசிப் பேர் மறந்தார்கள். பிள்ளைகள் பேசும்போது பாதியில் நிறுத்தி, "கேக்குதியளா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். செண்பகக்கனி மகள் வேலை பார்த்த அதே செட்டில் நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிறவள், அவளும் கேட்டாள். "எம்மக குரலான்னு காதக் குடுத்துக் குடுத்துப் பாத்தேன். இல்ல. ஆனா கேக்காம இருக்க முடியல" என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது, ஆவுடைநாயகத்துக்கு மட்டும் கேட்கவில்லை. குழாய் வயரைப் பார்க்கிற சாக்கில் ஒவ்வொரு செட்டாகப் போய் நின்றார். கடகட, கடகட, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவனின் தலை ஆடும், கால் தட்டும், ஓரிடம் வந்ததும் கண் நிறையும். இவர் அதைப் பார்த்துத் தானும் தலையை ஆட்டிவிட்டு, "மூணாவது பாட்டு பரவால்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். ஊருக்கே பாட்டுப் போடுகிறவருக்கு ஊர் கேட்கிற பாட்டுக் கேட்கவில்லை என்றால் அதை எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டி உலகம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க ஏன் அதுல ஒரு பாட்டக்கூட முணுமுணுக்க மாட்டேங்கிய?" என்று கேட்டாள்.

"எனக்குப் பிடிக்கல."

"பிடிக்காத பாட்டத்தான நீங்க அதிகமா முணுமுணுப்பிய" என்றாள் அவள், அவரையே பார்த்துக்கொண்டு. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சுடலையும் ஒரு சீட்டுப் போட்டிருந்தார். காது கேளாதவர் ஆல்பத்துக்கு ஓட்டுப் போடுவதா என்று டீக்கடையில் சிரித்தார்கள். மேஸ்திரி கையைக் காட்டி, உமக்கு என்ன கேட்டது என்று ஜாடையில் விசாரித்தார்.

"அந்த ஏழும் எனக்குக் கேக்காது. கடைசி ரெண்டுதான் கேக்கு" என்றார் சுடலை. "யாரோ ஓடுற சத்தம். வெறுங்காலு. ஓடி வருது, ஓரிடத்துல நிக்குது, திரும்பி இன்னும் வேகமா ஓடுது. அம்புட்டுதான் பாட்டு. திரும்பத் திரும்ப அதான்."

கிழவருக்கு நெருப்பில் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடைநாயகம் பாதி டீயை வைத்துவிட்டு வந்து மைக் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவர் சாத்தின அதே கதவு.

சீட்டு எண்ணின மறுநாள் பரமார்த்தலிங்கம் மேஸ்திரி மைக் ரூமுக்கு வந்தார்.

"அந்த ஆல்பத்தப் போட முடியாது மேஸ்திரி. எதுல இருக்கு, எதுலேர்ந்து போட? ரெண்டாவது வந்த 'புளியங்கொட்டை'யையே முதலிடமா வச்சிக்கிடுவோம்" என்றார் ஆவுடைநாயகம்.

"முந்நூத்து எம்பத்தொம்பது சீட்டு விழுந்துருக்கு. அத நீரு தீர்மானிக்கப்பிடாது" என்றார் மேஸ்திரி. சட்டம் என்றால் அவருக்கு உசுரு. "தறி ஓடுனா வருது, இல்லியா? ஒரு தறிய ஓட்டுவோம். நீரு மைக்கக் கொண்டாந்து முன்னால வையும். குழாயில ஊருக்கே வரட்டும்."

"எந்தத் தறிய?"

"அந்த நாலாம் நம்பரு சும்மாதான கெடக்கு" என்றார் மேஸ்திரி.

ஒரு வருஷமாக யாரும் தொடாத தறி அது. ஆவுடைநாயகம் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார், ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தார், உலகம்மாளின் பிறந்த ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தார். அவள் பையிலிருந்த வேட்டி சட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். "எங்கயும் போக வேண்டாம். எதுவோ அத இங்கயே பாத்துக்கிடுங்க" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

மார்கழிக் கடைசி ஞாயிறு வந்தது. மத்தியானத்திலிருந்து பத்தாமிடம், ஒன்பதாமிடம் என்று ஆல்பங்கள் ஓடி, ஊர் பாயில் புரண்டு கேட்டு, பொரி கடலை தின்று, நாலு மணிக்கு 'புளியங்கொட்டை'யும் முடிந்தது. மைக் ரூமிலிருந்து செட்டு வரை வயரை இழுத்து, நாலாம் நம்பர் தறிக்கு முன்னால் மைக்கை நிறுத்தினார் ஆவுடைநாயகம். தறியை ஓட்டச் செண்பகக்கனி வந்திருந்தாள். வேற யாரும் அதைத் தொடக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாளாம். எண்ணெய் விட்டு, தூசி துடைத்து, பாவு நூல் கட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் மேஸ்திரி, சட்டத்துக்குச் சாட்சியாக. பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது, அதற்கு அந்தப் பக்கம் எரிந்துபோன குடோனின் வெறும் தரை கறுப்பாகத் தெரிந்தது. ஒரு வருஷ மழையும் அதை வெளுக்கவில்லை, ஒரு புல்கூட முளைக்கவில்லை.

செண்பகக்கனி கைப்பிடியைத் தட்டித் தறியை ஓடவிட்டாள்.

கடகட, கடகட. அவருக்கு அவ்வளவுதான். ஆனால் மேஸ்திரியின் கால் தாளம் போடத் தொடங்கியது, செண்பகக்கனியின் உதடு அசைந்தது, தெருவில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தது வாசல் வழியே தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்ததைத் தெருவின் பெருமூச்சை வைத்துத் தெரிந்துகொண்டார். அடுத்தது, அதற்கடுத்தது. நாலாவதில் சிலர் வெற்றிலை மடித்தார்கள். ஐந்தாவதில் மடித்த வெற்றிலை கையிலேயே நின்றது. ஆறாவதில் ஒரு கைக்குழந்தை அழுவதை நிறுத்தியது. ஏழாவதில் செண்பகக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆவுடைநாயகம் ஊர் முழுக்கக் கேட்கிற பாட்டின் நடுவில், கேட்காமல் நின்றார். கேட்க முடிந்திருந்தால் அழுதாவது தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது தறி ஊமையாகியது. ஓடிக்கொண்டே இருந்தது, நாடா பாய்ந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது. ஆவணியிலிருந்து அந்த ஆல்பத்தில் அவருக்குக் கேட்ட முதல் இடம் அதுதான், அது சத்தமில்லாத இடம். அந்த அமைதிக்குள், தெருக்கோடியிலிருந்து, வெறுங்கால் மண்ணில் அறைகிற சத்தம் வந்தது. பஜனை மடம் தாண்டி, குழாயடி தாண்டி, ஓடி, ஓடி, செட்டுக்குள் நுழைந்து, அவருக்கு நேர் எதிரே வந்து நின்றது. யாரும் இல்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

அவர் மைக்கைக் கையில் எடுத்தார். பரமார்த்தலிங்கம் மேஸ்திரி சட்டென்று உதட்டில் விரலை வைத்தார், தலையை ஆட்டினார், ரெண்டு விரலை நீட்டிக் காட்டினார், இன்னும் ரெண்டு இருக்கு என்று. அதே விரல், அதே ஜாடை. வாசலில் நின்று அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆவுடைநாயகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்கிட்ட வந்தா" என்றார் மைக்கில். நாலு தெருக் குழாயிலும் அது வெளியே போனது. "முப்பிடாதி எங்கிட்ட வந்தா. ஓடி வந்தா. நெருப்புன்னு சொன்னா. மைக்குல சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல. இன்னும் ரெண்டு பாட்டுன்னு சொன்னேன். கதவச் சாத்திட்டு உக்காந்து பாட்டுக் கேட்டேன். அவ சொல்லாமப் போகல. நான் பொய் சொன்னேன், போலீஸ்லயும் சொன்னேன், அவ அம்மாகிட்டயும் சொன்னேன். ஒரு வருசமா நீங்க எல்லாரும் அவளச் சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மேஸ்திரியின் ரெண்டு விரலும் நீட்டினபடியே நின்றன, மடக்க மறந்துவிட்டார். செண்பகக்கனி தறியைச் சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

"கால்ல செருப்பு கெடந்துதா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. வெறுங்கால்."

"அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

அவருக்கு அது மனப்பாடம். ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்த்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "அண்ணாச்சி, நூல் குடோன்ல புகையுது. சுடலைத் தாத்தா உள்ள இருக்காரு. மைக்குல சொல்லுங்க, எல்லாரும் வாங்கன்னு சொல்லுங்க."

முதலில் எழுந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு குடம் உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தெரு முழுக்கக் குடம், வாளி, அண்டா, தூக்குச்சட்டி, கையில் அகப்பட்டதெல்லாம். பாயை மிதித்துக்கொண்டு, பொரி கடலையைச் சிதறடித்துக்கொண்டு, குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு, ஊர் ஓடியது. நெருப்பு எப்போதோ அணைந்தது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ஓடினார்கள். முந்நூறு வீட்டுக்காரர்களும் செட்டு வழியாகவும் சந்து வழியாகவும் வந்து, அந்தக் கறுப்புத் தரையில் தண்ணீரைக் கொட்டினார்கள். முதல் குடம் விழுந்ததும் தரை சுர்ரென்றது. வெள்ளையாகப் புகை எழும்பியது, நூல் கருகின வாடை அடித்தது, சுடலை இருமினார். கொட்டக் கொட்டத் தரை குடித்தது, மறுபடியும் ஓடினார்கள், மறுபடியும் கொண்டுவந்தார்கள். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தார். அருணாசலம் முதலாளியும் கொட்டினார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ஆவுடைநாயகமும் மைக் ரூம் வாளியை நிறைத்துக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உலகம்மாள் ஒரு குடத்தோடு அவரைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் காலை வைத்தார். இத்தனை தண்ணீருக்குப் பிறகும் அது கொதித்தது. பாதம் பொரிந்தது, அப்படியே நடந்து போய், பின்பக்க ஜன்னல் இருந்த இடத்தில் வாளியைக் கவிழ்த்தார்.

செண்பகக்கனி நடுவில் நின்றிருந்தாள், சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரோடு அதற்கப்புறம் அவள் ஒருநாளும் பேசவில்லை. சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்த ஊரை மட்டும் ஒருமுறை முழுக்கப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு குடமாக. அப்புறம் குனிந்து, ஈரத் தரையில் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாகத் தட்டினாள்.

"வந்துட்டாவட்டி" என்றாள். "எல்லாரும் வந்துட்டாவ."

செட்டுக்குள் நாலாம் நம்பர் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கடகட மட்டும் எல்லோருக்கும் கேட்டது.